தரங்கம்பாடியில் ஒரு வாடகை வீடு

தரங்கம் என்றால் அலை. ஆகவே தரங்கம்பாடி என்பதற்கு 'அலைகள் பாடும் ஊர்' என்று பொருள் கூறி வருவோரை மகிழ்விப்பது வழிகாட்டிகளின் வழக்கம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் பாடி என்பது பாட்டன்று, குடியிருப்பு. ஆயர்பாடியிலும் வாணியம்பாடியிலும் உள்ள அதே பாடிதான் இங்கும் இருக்கிறது. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் 1306 ஆம் ஆண்டில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அக்காலத்துக் கல்வெட்டு இவ்வூரைச் 'சடங்கன்பாடி' என்று குறிக்கிறது. பாண்டியன் போய், நாயக்கர் போய், டேனியரும் ஆங்கிலேயரும் போனபின்னும் ஊர்ப்பெயரில் 'பாடி' மட்டும் மாறாமல் நிற்கிறது. கோயிலின் பெரும்பகுதியையே கடல் கொண்டுவிட்டது என்பதை நினைத்தால், ஒரு சொல்லின் ஆயுள் கல்லின் ஆயுளைவிட நீண்டதோ என்று தோன்றும்.

கோட்டையையும் கடலையும் பற்றி எழுதியவர்கள் பலர். ஞாயிறு மாலையில் வந்து, கோட்டை மதில்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு, இருட்டுமுன் திரும்பிவிடுகிறவர்களுக்கு அவ்வளவு போதும். எங்களுக்கோ இது குடியிருக்கும் ஊர். 2016 ஆனி மாதத்தில், அருகிலுள்ள பொறையாற்றில் பணி கிடைத்ததை முன்னிட்டு, பழைய மதிலுக்கு உட்பட்ட தெருவொன்றில் வாடகைக்கு வீடு எடுத்தோம். குடியிருப்போர் கண்ணுக்கு இவ்வூர் எப்படித் தெரிகிறது என்பதையே நம் குடும்பங்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

முதலில் ஊரின் கிடக்கையைச் சொல்லிவிடவேண்டும். சீர்காழியிலிருந்து காரைக்கால் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே திரும்பினால் சற்றுத் தொலைவில் ஒரு வெண்ணிற வாயில் எதிர்ப்படும். 1792 இல் டேனிய ஆளுநர் பேட்டர் ஆங்க்கர் காலத்தில் கட்டியது. நெற்றியில் டென்மார்க்கு அரசரின் முத்திரை இருக்கிறது. அவ்வாயிலைக் கடந்தால் இராஜ வீதி நேரே கடலை நோக்கிச் செல்லும். இருபுறமும் பழைய மாளிகைகள், கன்னியர் மடம், பள்ளிகள். 1701 இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718 இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் அவ்வீதியிலேயே உள்ளன. முடிவில் திறந்த வெளி, அதன் தென்புறம் டான்ஸ்பர்க் கோட்டை, அப்பால் கடல். இராஜ வீதிக்கு இணையாகவும் குறுக்காகவும் இராணி வீதி, பொற்கொல்லர் தெரு, பள்ளிவாசல் தெரு எனச் சில தெருக்கள். நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரத்தில் உள்ளூர் முழுவதையும் சுற்றிவிடலாம்.

இத்துணைச் சிறிய ஊரில் வீடு கிடைப்பது எளிது என்றே எவரும் எண்ணுவர். பூட்டிய வீடுகளுக்கும் பஞ்சமில்லை. திண்ணையில் ஆடு படுத்திருக்கும், கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்கும். "இந்த வீடு யாருடையது?" என்று கேட்டால் தெருவில் உள்ளவர்கள் ஒரு குடும்ப வரலாற்றையே சொல்லத் தொடங்குவார்கள். தாத்தா பெயரில் பட்டா, பிள்ளைகள் ஐவர், அவர்களுள் இருவர் காலமாகிவிட்டனர், பேரப்பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும் கடல்கடந்தும் இருக்கிறார்கள், பாகப்பிரிவினை ஆகவில்லை. விற்கவேண்டுமானால் எல்லோரும் கையொப்பமிடவேண்டும். பழுதுபார்க்கவேண்டுமானால் யார் பணம் போடுவது? வாடகைக்கு விட்டால் வாடகை யாருக்கு? எனவே பூட்டு அப்படியே தொங்குகிறது. ஐந்து மழைக்காலம் ஆளின்றிக் கழிந்தால் நாட்டோட்டுக் கூரை உட்கார்ந்துவிடும், அதன்பின் வீட்டைப் பற்றிப் பேச எதுவும் இராது. பழைய வீடுகளைக் கடல் அழிக்கிறது, புயல் அழிக்கிறது என்கிறோம். நாங்கள் கண்டவரையில் பாகப்பிரிவினை அழித்தவையே மிகுதி.

எங்களுக்கு வீடு கிடைத்தது, அத்தகைய குடும்பமொன்றின் மூத்த சகோதரி துணிந்து எடுத்த முடிவால். ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சியில் வாழ்பவர். அவருக்கு இளையவர் மூவர். "விற்பதா வேண்டாமா என்பதை அவர்கள் பேசி முடிக்கட்டும். அதுவரை வீட்டில் அடுப்பெரியட்டும்" என்று சொல்லிச் சாவியைத் தந்தார். அதற்குமுன் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, நீங்கள் லூத்தரனா, ரோமன் கத்தோலிக்கரா?" கத்தோலிக்கர் என்றோம். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "பரவாயில்லை, செபம் செய்கிற வீடாக இருந்தால் சரி" என்றார். மாத வாடகை 4,500 ரூபாய், முன்பணம் 30,000. ஒத்திக்கு எடுப்பதாயின் பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருக்கலாம் என்று தரகர் கூறினார். பங்காளிகள் நால்வர் இருக்கும் வீட்டில் அது ஆகாது என்று மறுத்தோம். பதினோரு மாத ஒப்பந்தம் எழுதினோம். இன்று சட்டம் மாறியிருக்கிறது. 2017 இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். வேறு உடன்பாடு இல்லையெனில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. வாடகை வீடு தேடும் நம் பங்கு மக்கள் இதை அறிந்திருப்பது நன்று.

வீட்டைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்லவேண்டும். தெருவை ஒட்டித் திண்ணை, பருத்த தூண்கள் இரண்டு, பிறகு ரேழி, நடுவே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்கட்டில் சமையலறை, அதற்குப் பின் கிணறு. கிணற்று நீர் உப்பு, குளிக்க ஆகும், பருப்பு வேகாது. சுவர் ஒன்றரை முழ அகலம். கோடைப் பகலிலும் உள்ளே குளிர்ச்சியாகவே இருக்கும். இவ்வூர்க் கடற்காற்றில் ஓசோன் மிகுதி, உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு வருவோர் உண்டு. ஓசோனைப் பற்றி எங்களுக்குத் தெரியாது. உப்பு மிகுதி என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வோம். சன்னல் கீல் இரண்டாண்டில் பொடியாகிறது, மிதிவண்டிச் சங்கிலிக்கு வாரந்தோறும் எண்ணெய் விடவேண்டியிருக்கிறது.

அந்த உப்பே எங்களுக்கு ஒரு பாடத்தையும் கற்பித்தது. வீட்டின் மேற்குச் சுவர் மட்டும் ஆண்டுதோறும் உதிர்ந்துகொண்டிருந்தது. கையால் தொட்டால் செங்கல் மாவாக விழும். மற்ற மூன்று சுவர்களும் அசையாமல் நிற்க, இதற்கு மட்டும் என்ன வந்தது? ஊரிலுள்ள வயது முதிர்ந்த கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார், சுவரைத் தட்டினார், சிரித்தார். "இதற்கு யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், ஐயா. மூக்கைப் பொத்தினால் மூச்சு எப்படி விடும்?" என்றார். பழைய சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே சுண்ணாம்புக் காரை இருந்தால் அந்த ஈரம் காரையின் வழியே காற்றில் போய்விடும். உப்பும் காரையிலேயே பூத்துக் காரையோடு உதிரும். சில ஆண்டுக்கு ஒருமுறை காரையைப் புதுப்பித்தால் போதும். சிமெண்டோ ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது. உப்பு செங்கல்லுக்குள் பூத்து, செங்கல்லையே தின்கிறது. வலியது என்று நம்பிப் பூசியது மெலியதை அழித்துவிடுகிறது. காரைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழியில் நீற்றி, நாட்கணக்கில் புளிக்க வைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைக்கவேண்டும். செலவைவிடப் பொறுமையே அதிகம் வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் பொற்கொல்லர் தெருவில் சில வீடுகளை இண்டாக் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பினர் பழைய முறையிலேயே சீரமைத்தார்கள். அங்கே வேலை கற்றவர்கள் இன்னும் சிலர் இருப்பதால்தான் இப்பக்கத்தில் சுண்ணாம்புக் காரை பூச ஆள் கிடைக்கிறது.

வாடகை வீட்டில் இருக்கிறோம் என்ற கூச்சம் நம்மவர்களிடையே உண்டு. "சொந்த வீடா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொல்லும்போது குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகிறது. தரங்கம்பாடியில் அந்தக் கூச்சத்துக்கு இடமே இல்லை என்பது வரலாற்றைப் படித்தபோது தெரிந்தது. இந்த ஊரே வாடகைக்கு விடப்பட்ட ஊர்! 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்கு அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கப்பல் தலைவர் ஓவே கெட்டே வந்து முடித்துவைத்தார். நாயக்கர் பொன்னேட்டில் பொறித்து அரசருக்கு அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. கோட்டை கட்டிக்கொள்ளலாம், வணிகம் செய்யலாம், ஆண்டுதோறும் தஞ்சைக்குப் பணம் செலுத்தவேண்டும். அத்தொகை ரூபாய்க் கணக்கில் 3,111 என்று பழைய அரசுக் குறிப்புகள் கூறுகின்றன. பீரங்கி வைத்த மதிலுக்குள் மிடுக்காக இருந்த டேனியரும் வாடகைக்காரர்களே.

வாடகை பாக்கி நின்றால் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் டென்மார்க்கு போர்களில் சிக்கி வறுமையுற்றது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாயகத்திலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. கோட்டையில் இருந்தோர் ஒருவர்பின் ஒருவராக மடிந்தார்கள். 1655 அளவில் எஞ்சியது எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்னும் ஒரே டேனியர். உயர்குடியினர் அல்லர், சாதாரண மாலுமி. செலுத்தவேண்டிய பணம் வரவில்லை என்று தஞ்சைப் படை வந்து முற்றுகையிட்டபோது, உள்ளூர் மக்களைத் துணையாகக் கொண்டு ஊரைக் காத்தார், ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669 இல் 'ஃபேரோ' என்னும் கப்பல் வந்து சேர்ந்தபோது ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது! வீட்டுக்காரனின் கோபத்தை வாடகைக்காரன் மதில் கட்டித் தடுத்த கதை என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் அதில் வேடிக்கையல்லாத உண்மை ஒன்றும் இருக்கிறது. அரசரும் வணிகக் குழுவும் மறந்துபோன ஓர் ஊரை, அங்கே குடியிருந்த ஒருவர் காப்பாற்றினார். 1845 இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சிராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு டேனியர் போனார்கள். 1861 இல் நாகப்பட்டினத்துக்கு இரயில் வந்ததும் வணிகம் அங்கே போயிற்று. 1926 இல் மாயூரத்திலிருந்து இங்கும் ஓர் இருப்புப்பாதை வந்தது. அதையும் 1986 இல் மூடிவிட்டார்கள்.

கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று இவ்வூரில் குடியிருப்பதில் தனிச்சுவை உண்டு. 1706 சூலை 9 ஆம் நாள் சீகன்பால்கு இங்கே வந்திறங்கினார். தமிழ் கற்றார். நம் குருக்கள் முன்னரே எழுதிவைத்திருந்த தமிழ் நூல்கள் கைக்குக் கிடைத்தபோது, அவற்றிலிருந்து சமயச் சொற்களைக் கற்றுக்கொண்டார். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி தருவித்து, 1715 க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை முழுவதும் அச்சிட்டுவிட்டார். 1719 இல் காலமாகி, தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அச்சில் முந்தியவர்கள் நாமே என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1578 இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஆனால் விவிலியத்தை முந்தி அச்சிட்டவர்கள் அவர்கள். இரண்டையும் ஒப்புக்கொள்வதே நேர்மை. வீரமாமுனிவர் தரங்கம்பாடிப் போதகர்களை மறுத்து 'வேத விளக்கம்' முதலியன எழுதிய காலத்தில், ஒருவர் ஆலயத்துக்குள் மற்றவர் கால் வைப்பதே பாவம் என்றிருந்தது. 1964 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது வாடகை வீட்டில்தான். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள் பக்கத்து வீட்டு லூத்தரன் குடும்பத்திலிருந்து அதிரசம் வரும், எங்கள் வீட்டிலிருந்து முறுக்கு போகும். அவர்கள் தங்கள் குருவை 'ஐயர்' என்பார்கள். எங்கள் இளைய மகள் முதல் ஆண்டில் அதைக் கேட்டுத் திகைத்துப்போனாள். மாலையில் நாங்கள் செபமாலை சொல்லும்போது அவ்வீட்டுப் பெரியவர் வானொலியின் ஒலியைத் தணித்துவிடுவார். ஒருநாளும் நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

ஆகஸ்டு மாத இறுதியில் நெடுஞ்சாலை காவி நிறமாகிவிடும். வேளாங்கண்ணித் திருவிழாக் கொடியேற்றம் 29 ஆம் நாள். சென்னையிலிருந்தும் வழியெங்கணும் இருந்தும் அன்னையை நாடி நடந்துவருவோர் கூட்டங்கூட்டமாகச் செல்வர். அவர்களுள் ஊருக்குள் வருபவர் மிகச் சிலர். 2017 இல் ஒருநாள் மாலை இடியும் மழையுமாக இருந்தது. வழி தவறியோ ஒதுங்கிடம் தேடியோ பதினான்கு பேர் வாயிலைக் கடந்து எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். பெண்கள் ஐவர், கைக்குழந்தை ஒன்று. திண்ணையிலும் ரேழியிலும் இடம் கொடுத்தோம். கஞ்சி வைத்தோம். இரவு அங்கேயே தங்கினார்கள். படுக்கப்போகும் வேளையில் ஒரு கவலை தோன்றியது. 'உள்வாடகைக்கு விடலாகாது, வேறெவரையும் தங்கவைக்கலாகாது' என்று ஒப்பந்தத்தில் இருந்ததே! மறுநாள் காலை திருச்சிக்குத் தொலைபேசியில் சொன்னோம். அந்த அம்மையார், "தம்பி, வீடுதான் உங்களுக்கு வாடகை. திண்ணை வாடகையில் சேராது, அது தெருவுக்குச் சொந்தம். எங்கள் அப்பா காலத்திலும் அப்படித்தான்" என்றார். அன்றுமுதல் ஆண்டுதோறும் அக்கூட்டத்தார் எங்கள் திண்ணையைத் தங்குமிடமாகவே வைத்துக்கொண்டார்கள்.

திண்ணையைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. எதிர்வீட்டில் ஒரு மூதாட்டி நாற்பது ஆண்டுகளாக வாடகைக்கு இருந்தார். கணவர் இல்லை, மகன் காரைக்காலில். தெருவின் நடப்பெல்லாம் அவருக்கு மனப்பாடம். குழாயில் தண்ணீர் எப்போது வரும், எந்த வீட்டுக் கிணறு வற்றாது, மழைநீர் எந்தச் சாக்கடை வழியே போகும், 2004 டிசம்பர் 26 காலையில் கடல் தெருவில் எதுவரை வந்தது, யார் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்று கடலோரத்து மீனவக் குப்பத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மார்கழி பிறந்தால் அவர் அப்பேச்சை எடுக்கமாட்டார், திண்ணையில் உட்காரவும் மாட்டார். 2019 இல் வீட்டுக்கு உரியவர்கள் அதைத் தங்கும் விடுதி நடத்துவோருக்குக் கொடுத்துவிட்டார்கள். பாட்டிக்கு ஆறு மாதத் தவணை தந்தார்கள். சட்டப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் மூன்றாம் மாதமே புறப்பட்டுவிட்டார். அவர் கொண்டுபோனவை இரண்டு டிரங்குப்பெட்டி, ஓர் அம்மி, அன்னையின் படம் ஒன்று.

விடுதி வந்தது. முகப்பு அழகாக வெளுக்கப்பட்டது, தூண்களுக்கு மெருகு ஏற்றப்பட்டது, திண்ணைக்கு இரும்புக் கம்பி போடப்பட்டது. சனிக்கிழமை இரவு வீடு முழுதும் விளக்கு, திங்கள் முதல் வெள்ளி வரை இருட்டு. அவ்வாண்டு ஐப்பசி மழையில் விடுதி வாசலருகே சாக்கடை அடைத்துக்கொண்டது. தகவல் சொல்ல ஆளில்லை, காவலாளி வெளியூர். தண்ணீர் எங்கள் ரேழி வரை வந்தது. பாட்டி இருந்திருந்தால் மழைக்கு முந்திய வாரமே ஊராட்சிப் பணியாளரை அழைத்துக் கையோடு வேலை வாங்கியிருப்பார்.

விடுதிகளே கூடாது என்பது எங்கள் கட்சி அன்று. கடற்கரையில் இருந்த பழைய கலெக்டர் பங்களா விடுதியாக மாறியிராவிட்டால் இன்று அங்கே கல்லும் முள்ளும்தான் இருக்கும். சமையல் செய்வோர், துணி வெளுப்போர், மீன் விற்கும் பெண்கள் எனப் பலர் அதனால் பிழைக்கிறார்கள். எங்கள் மனத்தாங்கல் வேறு. வருவோரைத் தங்கவைக்க எடுக்கும் அக்கறையில் பாதியேனும், இருப்போரை இருக்கவைக்க எடுக்கவேண்டாமா? அரசும் வெளிநாட்டு அன்பர்களும் கோட்டையைப் புதுப்பித்தார்கள், ஆளுநர் மாளிகையைப் புதுப்பித்தார்கள், நன்று. வாடகைக்கு இருப்பவன் ஓடு மாற்றுவதற்கு நியாய வட்டியில் கடன் கிடைப்பதில்லை, அவன் பெயரில் பட்டா இல்லையே! சொந்தக்காரனுக்கோ அக்கறை இல்லை, அல்லது அவனுடன் கையொப்பமிடவேண்டிய மூவர் ஊரில் இல்லை. இந்த முடிச்சை அவிழ்ப்பவர் யாருமில்லாமல் வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன, அல்லது விழுகின்றன.

2020 மார்ச்சு மாத இறுதியில் ஊரடங்கு வந்தபோது இவ்வூரின் மெய்யான தோற்றத்தைக் கண்டோம். வெளியூரார் வருகை ஒரே நாளில் நின்றது. விடுதிகளுக்குப் பூட்டு. இரவு எட்டு மணிக்கு மாடியில் நின்று எங்கள் தெருவைப் பார்த்தோம். இருபுறமும் எண்ணிப் பார்த்ததில் ஒன்பது வீடுகளில்தான் விளக்கு எரிந்தது. அந்த ஒன்பதில் ஆறு வாடகை வீடுகள். சந்தை இல்லை, பேருந்து இல்லை. குப்பத்துப் பெண்கள் சிலர் மட்டும் காலையில் கூடையோடு வருவார்கள். பணம் பிறகு தரலாம் என்று மீனை வைத்துவிட்டுப் போவார்கள். அரிசி உள்ள வீடு இல்லாத வீட்டுக்குக் கொடுத்தது. அந்த ஒன்பது வீடுகளும்தான் அவ்வாண்டு தரங்கம்பாடி. ஆகஸ்டு மாதம் வேளாங்கண்ணியில் திருப்பயணியரின்றிக் கொடியேறியது. எங்கள் திண்ணை வெறுமையாகக் கிடந்தது. வழக்கமாக வரும் கூட்டத்தின் தலைவர் தொலைபேசியில் அழைத்து, "திண்ணை நலமா?" என்றுதான் முதலில் கேட்டார்.

புனித பவுலடியார் உரோமையில் இரண்டாண்டு வாடகை வீட்டில் இருந்து, தம்மிடம் வந்தோரை எல்லாம் வரவேற்றார் என்று திருத்தூதர் பணிகள் நூலின் இறுதியில் வருகிறது. பலமுறை படித்த பகுதிதான். 'வாடகை வீடு' என்ற சொல் அங்கே இருப்பதை நாங்கள் கவனித்தது தரங்கம்பாடிக்கு வந்தபிறகே.

எங்கள் வீட்டின் கதைக்கு வருவோம். மூத்த அம்மையாரின் தம்பியர் இருவர் விற்றுவிட விரும்பினார்கள். விடுதிக்காரர்கள் நல்ல விலை சொன்னார்கள். மூன்றாமவர் எந்தப் பக்கமும் சேரவில்லை. சென்ற ஈஸ்டருக்குப் பின் நால்வரும் வந்து முற்றத்தில் அமர்ந்து பேசினார்கள். நாங்கள் பின்கட்டில் இருந்துகொண்டோம், பேச்சு எங்களைப் பற்றியும் அல்லவா? இரண்டு மணி நேரம் குரல் உயர்ந்தும் தாழ்ந்தும் கேட்டது. பிறகு இளையவர் எழுந்து மேற்குச் சுவரருகே போய், சிமெண்டுப் பூச்சைப் பெயர்த்த இடத்தில் தெரிந்த பழைய காரையைத் தடவிப் பார்த்தார். அதில் அவர்கள் நால்வரின் உயரத்தையும் அப்பா ஆணியால் கீறி ஆண்டு குறித்திருந்தார். சிமெண்ட் பூசியதால் மறைந்துபோயிருந்த கீறல்கள் அவை. அவர் ஒன்றும் பேசவில்லை.

முடிவு எதுவும் அன்று ஏற்படவில்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத வழக்கறிஞரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். வீடு யார் பங்குக்குப் போகும், அவர் எங்களை இருக்கவிடுவாரா என்பது அதன்பிறகே தெரியும். இப்போதைக்கு இன்னும் பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் நீண்டிருக்கிறது. வாடகை ஐந்நூறு ரூபாய் கூடியிருக்கிறது. அதைச் சுவருக்கே செலவிடுமாறு அம்மையார் சொல்லிவிட்டார். கொல்லையில் குழி வெட்டிக் கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றி வைத்திருக்கிறோம். கடுக்காயும் வந்துவிட்டது. உயரக் கீறல்கள் உள்ள இரண்டு முழ இடத்தை மட்டும் பூசாமல் விட்டுவிடவேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறோம். அடைமழை தொடங்குமுன் மற்ற பகுதியை முடித்துவிடுவதாக அவர் வாக்களித்திருக்கிறார்.